ஸ்டெல்லாவுக்கு டி.சி. வாங்கியது

1. வருகைப் பதிவேடு

1991-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் பி.டி. டீச்சர்; விளையாட்டு என் பொறுப்பு. காலாண்டுத் தேர்வு முடிந்த வாரம் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, பதினொன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். ஸ்டெல்லா பெயருக்கு நேராக வரிசையாக ஆப்சென்ட்.

"ஸ்போர்ட்ஸ் மீட்டு, கேம்ப்புனு நீங்கதான் கூட்டிக்கினு போறீங்க. இப்படியே போனா பரீட்சை எழுத விட முடியாது. ஓட்டமா, படிப்பா? ஒண்ண முடிவு பண்ணச் சொல்லுங்க."

ஸ்டெல்லா பிள்ளைப்பாக்கத்துப் பெண். எண்ணூறு மீட்டரில் மாவட்டத்திலேயே முதல். பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மார்க்கும் அவள்தான். இப்போது சென்னையில் ஆறு மாத மாநில முகாமுக்குத் தேர்வாகியிருந்தாள். எதை விடச் சொல்வது?

2. ஃபார்ம்

பாடங்களைத் தபாலில் அனுப்பி, நம் வசதிப்படி பிரித்துத் தேர்வெழுத விடும் திறந்தநிலைப் பள்ளியைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஃபார்ம் வாங்கி வந்தேன். அதில் சேர இங்கே டி.சி. வாங்க வேண்டும். ஸ்டாஃப் ரூமில் அதைப் பார்த்த கணக்கு வாத்தியார் சுந்தரேசன் சொன்னார்:

"உங்களுக்கு மெடல் வேணும் டீச்சர். அதுக்கு அந்தப் பொண்ண க்ளாஸ விட்டு வெளிய அனுப்புறீங்க."

அன்று முழுக்க அவரோடு நான் பேசவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

ஸ்டெல்லாவின் அப்பா மண்ணூர் பக்கம் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் வேலை பார்த்தார். ஷிஃப்ட் முடிந்து நேராகப் பள்ளிக்கு வந்தார்.

"இன்னா டீச்சர், டி.சி. வாங்கினா ஊர்ல பெயிலாயிட்டான்னுதானே சொல்லுவாங்க?"

ஸ்டெல்லா ஃபார்மை இரண்டு முறை படித்துவிட்டு, "பிசிக்ஸ் பிராக்டிகல் எங்க டீச்சர் செய்யறது?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் சென்னைல இருக்கும்மா" என்றேன். விசாரிக்காமல் சொன்ன பதில் அது.

அப்பா மகளிடம் திரும்பினார். "நீயே சொல்லு. கையெழுத்து போடவா, வாணாவா?"

"எனக்கு ரெண்டும் வேணும்பா."

போட்டார்.

3. இன்லாண்டு லெட்டர்

மூன்று மாதம் கழித்து முகாமிலிருந்து எனக்கு ஓர் இன்லாண்டு லெட்டர் வந்தது. 'ஓட்றது கஷ்டமா இல்ல டீச்சர். ஒரு கணக்கு வரலன்னா காட்டறதுக்குப் பக்கத்துல ஆளில்ல. நாலு நாளா ஒரே கணக்குல நிக்கறேன். நான் மக்கு ஆயிட்டேனோன்னு பயமா இருக்கு.' கீழே அந்தக் கணக்கையும் எழுதியிருந்தாள்.

வேறு வழியில்லாமல் சுந்தரேசனிடம் நீட்டினேன். 'அன்னிக்கே சொன்னேனே' என்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஒரு தாளில் கணக்கைப் போட ஆரம்பித்து, பாதியில் பேனாவை மூடினார்.

"மீதிய அவளே போடட்டும். போட்டு அனுப்பச் சொல்லுங்க."

அதன்பின் வாரம் சுந்தரேசனிடமிருந்து ஒரு கடிதம் போகும், ஸ்டெல்லாவிடமிருந்து ஒன்று வரும்.

பிராக்டிகல் வகுப்பு ஞாயிறுகளில் மட்டும்தான் என்று பிறகுதான் தெரிந்தது. மீட்டும் பெரும்பாலும் ஞாயிறுதான். பிசிக்ஸை அடுத்த வருடத்துக்குத் தள்ளினாள். ப்ளஸ் டூ முடிக்க மூன்று வருடம் ஆனது. மாநிலப் போட்டியில் மூன்றாவதாக வந்தாள். அதற்கு மேல் போகவில்லை. கணக்கில் நல்ல மார்க் வாங்கி இன்ஜினியரிங் சேர்ந்தாள். பிற்பாடு ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி இன்ஜினியர் ஆனாள்.

"ஒரு வருஷம் வீணாப் போச்சேன்னு வருத்தமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வருஷம் போனது பரவால்ல டீச்சர். அந்த மொத மூணு மாசம்தான். யாருமே இல்லாத மாதிரி இருந்துச்சு."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நான் அட்டெண்டன்ஸைத்தான் கணக்குப் பார்த்தேனே தவிர, அவள் தனியாக உட்கார்ந்து படிக்கப் போவதை நினைத்தே பார்க்கவில்லை.

பிறகு பல பெற்றோர் அதே ஃபார்ம் கேட்டு வந்தார்கள். சந்தேகம் வந்தால் பிள்ளை யாரிடம் கேட்கும் என்பதே என் முதல் கேள்வியாக இருந்தது. ஒரு கபடிப் பையனின் அம்மா, "அப்படி யாரும் இல்லீங்களே டீச்சர்" என்றார்.

ஃபார்மை மேஜைக்குள் வைத்துவிட்டேன். முதலில் அந்த ஆளைத் தேடக் கிளம்பினோம்.