தறிக்குழியில் தேள்கள்

எங்கள் சித்தப்பா தேள் வளர்த்தார். ஆரணியில் கோழி வளர்த்தவர்கள் உண்டு, புறா வளர்த்தவர்கள் உண்டு, எங்கள் தெருக்கோடியில் ஒருவர் கீரிப்பிள்ளைகூட வளர்த்தார். தேள் வளர்த்தவர் எனக்குத் தெரிந்து எங்கள் சித்தப்பா ஒருவர்தான். அதையும் வீட்டுக்கு நடுவில், தறிக்குழிக்குள் வளர்த்தார்.

தறிக்குழி என்பது, நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிகட்டையை மிதிப்பதற்காகத் தரையில் தோண்டிய பள்ளம். எங்கள் கூடத்தில் இரண்டு குழிகள் இருந்தன. அப்பாவுக்கு ஒன்று, அவர் தம்பியான சித்தப்பாவுக்கு ஒன்று. காலையில் இறங்கினார்கள் என்றால் பொழுது சாயும் வரை இருவரும் இடுப்புக்கு மேல்தான் கண்ணுக்குத் தெரிவார்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம். எனக்கு எட்டு வயதிருக்கும். முழுப் பரீட்சை லீவுக்கு என்னையும் தம்பியையும் தெள்ளாரில் இருந்த மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சித்திக்கு அப்போது நிறைமாதம். அவளுக்குத் தாய் இல்லாததால் தலைப்பிரசவம் எங்கள் வீட்டிலேயே என்று முடிவாகியிருந்தது. பாப்பாவை முதலில் யார் தூக்குவது என்று நானும் தம்பியும் தெள்ளாரில் தினமும் சண்டை போட்டோம்.

திரும்பி வந்தபோது பாப்பா இல்லை. "பாப்பா தங்கலம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். சித்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கூடத்தில் சித்தப்பாவின் தறியைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். அவருடைய குழியில் பாதி வரை மணல். மணல் மேல் கருந்தேள்கள்.

அன்று ஒரு நாள் அழுதேன். மறுநாள் தேள் பார்க்கப் போய்விட்டேன். குழந்தை மனசு என்று இதைக் கொஞ்சலாகச் சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சுவதற்கு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

சித்தப்பா சந்தவாசல் பக்கத்து மலையடிவாரத்தில் கல்லைப் புரட்டிப் புரட்டித் தேள் பிடித்து, பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, பஸ்ஸிலேயே கொண்டுவருவார். பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் ஊறுகாய் என்று சொல்வாராம். குழியின் நாலு பக்கமும் தகரம் அடித்திருந்தார். தகரத்தில் தேளுக்குக் கால் பிடிக்காது, வழுக்கி விழுந்துவிடும். உள்ளே உடைந்த ஓடுகளைக் கவிழ்த்து, கொட்டாங்குச்சியில் ஈரப்பஞ்சு வைத்திருந்தார். கரப்பான் பிடித்துப் போடுவது என் வேலையும் தம்பி வேலையும்.

"இன்னாத்துக்கு பயப்படற? செந்தேளுதான் ஆளைக் கொல்லும். இது கொட்டுனா சாவமாட்ட. செத்தாத் தேவலன்னு இருக்கும், அவ்ளோதான்" என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

ஊரில் சிரித்தார்கள். சித்தப்பாவுக்கு நெய்யப் பாவு நூல் கொடுத்துக்கொண்டிருந்த முதலாளி, தேள் இருக்கிற வீட்டுக்கு என் பட்டு போகாது என்று வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார். அப்பாவுக்குக் கொடுத்தவர் வேறு முதலாளி. அடுத்த தெருவில் யார் தறியிலோ கூலிக்கு உட்கார்ந்தார் சித்தப்பா. அத்தனை வருஷமாகப் பக்கத்துக் குழியில் இருந்த அண்ணனைத் தனியே விட்டுப் போனார். கேட்டவர்களுக்கெல்லாம் சித்தப்பா ஒரே பதில் வைத்திருந்தார். "மெட்ராஸ்ல மருந்துக்குத் தேளு விஷம் வாங்கறாங்களாம். பெருகட்டும்னு வச்சிகினு இருக்கேன்."

நம்பாதவர்களை அவரே கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார். தெரு முழுக்க எங்கள் கூடத்துக்கு வந்து போனது. ஒருவர் விடாமல் குழியோரம் வந்ததும் ஓரடி பின்வாங்கினார்கள். "உள்ள கைய வுட முடியுமா? எவனாலயாவது முடியுமா?" என்று கேட்பார். முடியாது என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகுதான் விடுவார். என் சித்தப்பா எவ்வளவு பெரிய ஆள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தீனி குறையாமல் இருந்தால் கருந்தேள்கள் ஒன்றை ஒன்று கடிப்பதில்லை. ஒரே ஓட்டுக்கடியில் நாலைந்து நெருக்கியடித்துக் கிடக்கும். "பாரு, கூட்டுக் குடும்பம்" என்பார் சித்தப்பா. அம்மாவும் சித்தியும் ஒரே அடுப்பில் சமைத்துத் தினமும் உரசிக்கொண்ட குடும்பம் எங்களுடையது. ஆனால் அந்த வருஷம் உரசல் இல்லை. சித்தி பேசினால்தானே உரசுவதற்கு.

ஆடி மாதத்தில் இருந்ததிலேயே பெரிய தேள் குட்டி போட்டது. ஊறவைத்த அரிசி போல வெள்ளை வெளேரென்று குட்டிகள் தாயின் முதுகில் ஏறிக்கொண்டன. நான் போட்ட கூச்சலில் சித்தி சுவரை விட்டுத் திரும்பினாள். எழுந்து வந்து குழியோரம் உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எத்தினி நாளு இப்டி சொமக்கும்?" என்று கேட்டாள்.

"தோலு உரிக்கற வரைக்கும். அப்பறம் அதுங்களே எறங்கிப் போயிடும்" என்றார் சித்தப்பா.

"எறங்கிப் போறதுக்காவது இருக்குதே" என்றாள் சித்தி.

அன்றிலிருந்து அவள் பாய் குழியோரத்துக்கு வந்துவிட்டது. ஒரு கையைக் குழியின் விளிம்பில் வைத்துக்கொண்டுதான் படுப்பாள். அரிசிப் பானையில் ஓர் எலி தட்டுப்பட்டால் வீட்டை இரண்டாக்குகிற என் அம்மா, அந்தக் குழியைப் பற்றி ஒரு நாளும் முணுமுணுக்கவில்லை. பாயைத் தாண்டிப் போகும்போது மட்டும் மெல்ல நடப்பாள். போளூரிலிருந்து தேள் தைலம் காய்ச்சுகிற ஒருவர் நல்ல விலை சொல்லிக்கொண்டு வந்தபோது, சித்தப்பா அவரை வாசலோடு விரட்டினார். விற்கத்தானே வளர்க்கிறார், பிறகு ஏன் விரட்டுகிறார் என்று நான் யோசித்தேன். ஆசையாக வளர்த்ததை விற்க மனசு வரவில்லை என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. இரண்டு நாளாக விடவில்லை. மூன்றாம் நாள் மதியம் சித்தப்பா வாசல்படியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். தறியில் இருந்த அப்பா நெய்வதை நிறுத்திவிட்டுக் காலை மேலே தூக்கினார். பாதம் நனைந்திருந்தது.

"ஊத்து எடுத்துச்சிடா" என்றார் தம்பியிடம்.

ஐப்பசி, கார்த்திகையில் தறிக்குழியில் அடியிலிருந்து தண்ணீர் ஊறுவது புதிதில்லை. வருஷா வருஷம் நடப்பதுதான். வாளியால் இறைத்துக் கொட்டிவிட்டு, மழை விடும்வரை தறியை நிறுத்திவைப்பார்கள். ஆனால் அன்று சித்தப்பாவின் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது.

நான் முந்திக்கொண்டு ஓடிப் பார்த்தேன். மணலில் தண்ணீர் ஏறிவிட்டிருந்தது. தேள்கள் ஓடுகளின் மேல் ஏறி நின்றன. சில மிதந்தன. நான் முறத்தை எடுத்து வருவதற்குள் சித்தப்பா வெறுங்காலோடு குழிக்குள் குதித்துவிட்டார். "சித்தப்பா, அந்தப் பெரிசப் புடிங்க! ஜல்தி!" என்று கத்தினேன். அது அவர் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவர் அதைப் புறங்கையால் தள்ளிவிட்டார். அது கொட்டியது. அவர் கையை உதறக்கூட இல்லை. மணலை இரண்டு கையாலும் வாரி வாரி எறிந்துகொண்டிருந்தார். சித்தி குழி விளிம்பில் மண்டியிட்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அம்மா எங்கள் இருவரையும் இழுத்துப்போய் அடுப்பங்கரையில் தள்ளிக் கதவைச் சாத்தினாள். வெளியே வாளிச் சத்தமும் மண்வெட்டிச் சத்தமும் கேட்டன. பிறகு சத்தம் நின்றது.

கதவு திறந்தபோது சித்தப்பா வாசலில் இருந்தார். கையில் ஒரு சின்ன மூட்டை. சிவப்புப் பட்டில் கட்டியிருந்தது. எங்கள் வீட்டில் பட்டு நெய்வதற்குத்தான், கட்டுவதற்கில்லை. தேளுக்குப் போய் பட்டா என்று திகைத்துப்போனேன்.

"தேளையெல்லாம் எங்க கொண்டுகினு போறீங்க சித்தப்பா?"

அவர் என்னைப் பார்த்தார். "மலைக்கும்மா" என்றார்.

"மேடாப் பாத்து வுடுங்க. தண்ணி ஏறாத எடமா."

"சரிம்மா" என்றார். குடை எடுக்காமல் மழையில் இறங்கிப் போனார்.

பல வருஷம் கழித்து, நான் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் அம்மா எனக்கு விஷயத்தைச் சொன்னாள். தலைச்சன் பிள்ளை செத்தால், மந்திரம் பண்ணுகிறவர்கள் அதைத் தோண்டி எடுத்து மை செய்வார்கள் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. அந்தச் சித்திரையில் சுடுகாட்டில் ஒரு சின்னக் குழியை யாரோ பறித்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்ததாம். எங்கள் புழக்கடையோ பல வீட்டுக்குப் பொது. அதனால் சித்தப்பா தன் பிள்ளையைத் தன் தறிக்குழியிலேயே புதைத்தார். அதுவும் போதாது என்று பயந்து, மேலே தேளை விட்டார். எவனும் உள்ளே கைவிட முடியாது என்று ஊரையே கூப்பிட்டுக் காட்டினார். பிறந்ததிலிருந்து வருஷா வருஷம் அந்தக் குழியில் தண்ணீர் இறைத்தவர்கள் அண்ணனும் தம்பியும். இருந்தும் சித்திரை வெயிலில் அதை ஆழப்படுத்தியபோது இரண்டு பேரில் ஒருவருக்கும் ஐப்பசி ஞாபகத்துக்கு வரவில்லை.

அன்று எங்கே கொண்டுபோனார் என்று அம்மாவுக்கும் தெரியாது. சித்தப்பா கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை, சித்தியிடம்கூட. சித்திக்கு அப்புறம் பிள்ளையே பிறக்கவில்லை.

அன்று அவர் மூட்டையோடு மழையில் போன பிறகு நான் குழியோரம் உட்கார்ந்து அழுதேன். செத்த தேள்கள் வாலை நீட்டிக்கொண்டு மிதந்தன. பெரியதும் அதில் இருந்தது. சித்தி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு, சத்தம் வராமல், உடம்பெல்லாம் குலுங்க அழுதாள். இவளுக்கும் தேள்கள் மேல் இத்தனை ஆசையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் அழுகையை நிறுத்திவிட்டு அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

"அழாத சித்தி" என்று சொன்னேன். "போனா போவுது. சித்தப்பா வேற கொண்டாந்து குடுப்பாரு."