யார் கொடுத்த ரைட்

எங்கள் கண்டக்டருக்கு ஊரைச் சுற்றிப் பார்க்கும் ஆசை வந்தது என்றால் யார் நம்புவார்கள்? அதே ஊரில், அதே தடத்தில், தலை நரைக்கும் வரை டிக்கெட் கிழித்த மனிதர். "மியூசியம் எல்லாம் இறங்கு!" என்று தொண்டை கிழியக் கத்தி ஊரையே இறக்கிவிட்டவர், தான் ஒரு நாளும் அங்கே இறங்கியதில்லை. மனைவி எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள். "தினமும்தான் பாக்கறேன், அங்க என்ன இருக்கு?" என்று அவள் வாயை அடைத்துவிடுவார்.

அப்படிப்பட்டவர் முழங்கால் வலி என்று டிப்போவில் லீவு சொல்லிவிட்டு, வீட்டில் வழக்கம்போல் சீருடை மாட்டிக்கொண்டு, மனைவி கட்டிக்கொடுத்த சாப்பாட்டையும் வாங்கிக்கொண்டு கிளம்பினார். ரயில் நிலையக் கழிப்பறையில் பூப்போட்ட சட்டைக்கு மாறினார். மைத்துனன் வாங்கித் தந்த சட்டை, அதுவரை மடிப்பு கலையாமல் பெட்டியிலேயே கிடந்தது. அவருக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. ஒரு நாளாவது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

சுற்றுலா பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. கண்டக்டர் கிடையாது. மைக்கோடு ஒரு வழிகாட்டிப் பெண், அவள் தலை எண்ணி முடித்ததும் வண்டி கிளம்பும். காலையில் கலங்கரை விளக்கத்தில் ஏறினார். பூங்காவில் ஐஸ்கிரீம் சாப்பிட்டு, பூப்போட்ட சட்டையில் கொஞ்சம் வழியவும் விட்டார். மியூசியத்தில் ஒரு திமிங்கில எலும்புக்கூட்டின் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். இத்தனை வருடம் இதன் வாசலிலா கத்திக்கொண்டிருந்தோம் என்று சிரிப்புக்கூட வந்தது.

சனி அங்கேதான் பிடித்தது. திரும்பி ஏறும்போது கூட்டம். மற்றவர்கள் ஏறட்டும் என்று பின்வாசலில் ஒதுங்கி நின்றார். கடைசி ஆள் ஏறியதும் இவரும் படியில் தொற்றினார். கை தானாக வெளியே போய்த் தகரத்தை இரண்டு தட்டு தட்டியது. வாய் தானாகத் திறந்தது.

"போலாம், ரைட்!"

வண்டி கிளம்பியது. தான் செய்தது அவருக்கே உறைக்கவில்லை. ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

பாலம் தாண்டியதும் முன்சீட்டுப் பெரியவர் எழுந்து நின்றார். "என் வீட்டம்மா ஏறலையே! மாத்திரைக்குத் தண்ணி பிடிக்கப் போனா..."

வழிகாட்டிப் பெண் டிரைவர் மேல் பாய்ந்தாள். "நான் இன்னும் எண்ணியே முடிக்கல! யாரு உங்களை வண்டியை எடுக்கச் சொன்னது?"

"ரைட் கேட்டுச்சும்மா."

"இந்த வண்டியில கண்டக்டரே கிடையாதே, யாரு ரைட் குடுப்பா?"

டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தார். அதில் நம் ஆளின் கண்ணும் அவர் கண்ணும் சந்தித்தன. எழுந்து நின்று "நான்தான்" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? டிப்போவுக்குத் தெரிந்துவிடும், வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று மனசு சாக்குகளை அடுக்கியது. உள்ளதைச் சொன்னால், அத்தனை பேர் முன்னால் தலைகுனியப் பயம். மனிதர் ஜன்னல் வழியாக ஏதோ விளம்பரப் பலகையை அக்கறையாகப் படித்தார்.

வண்டி திரும்பிப் போனது. மியூசியம் வாசலில், வெயிலில், நிரம்பிய பாட்டிலோடு அந்த அம்மா நின்றிருந்தாள். ஏறியதும் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டாள். "என்னால உங்க எல்லாருக்கும் தாமதமாயிருச்சு, மன்னிச்சுக்குங்க." நம் ஆளின் மனைவியும் இப்படித்தான், செய்யாத தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்பாள். அவருக்குக் கூனிக்குறுகிப் போயிற்று. அப்போதும் உட்கார்ந்தே இருந்தார்.

"போன மாசமே உங்க மேல ஒரு புகார்," என்றாள் வழிகாட்டிப் பெண், டிரைவரிடம். "இனி ஆபீஸ்ல உங்களை வச்சுக்க மாட்டாங்க."

"என் தப்புதாம்மா. கண்ணாடியப் பாக்காம எடுத்துட்டேன்," என்றார் டிரைவர்.

சாயங்காலம் எல்லோரும் இறங்கிய பிறகு நம் ஆள் கடைசியாக வந்தார். ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே டிரைவர் மெதுவாகக் கேட்டார்: "எந்த டிப்போண்ணே?"

படியில் வைத்த காலை அவர் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நானும் உங்க மாதிரி ஆளுங்க ரைட்டுல ஓட்டினவன்தான். அந்தத் தட்டு கேட்டதும் கால் தன்னால அமுத்திருச்சு."

"தம்பி... நான் போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடறேன்."

"வேணாம்ணே. ஒரு நாள் லீவு போட்டு வந்திருக்கீங்க. போங்க."

அந்தப் பெண் படிக்குக் கீழேயே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், போனில் ஆபீஸோடு பேசிக்கொண்டு நின்றாள். 'வேணாம்' என்ற அந்த ஒரு சொல்லில் தன் மனசு லேசானதை அவர் உணர்ந்தார். அந்த லேசுதான் அவரைக் கொன்றது. ஆனாலும் அவளைத் தாண்டி நடந்தார்.

வீட்டுக்குள் நுழையும்போது மறுபடியும் சீருடையில் இருந்தார். மனைவி அவர் முகத்தைப் பார்த்ததுமே வாளியில் வெந்நீரை ஊற்றிக் காலடியில் கொண்டுவந்து வைத்தாள்.

"நாள் பூரா நின்னுட்டே வந்தீங்களா? கால விடுங்க உள்ள."

"இன்னிக்கு உக்காந்துதான் வந்தேன்," என்றார்.

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து, அவள் சிரித்துக்கொண்டே அவர் முழங்காலைப் பிடித்துவிட்டாள்.