கன்னடத்தில் அழு

காவேரிக் கலவரம் அடங்கிப் பள்ளிக்கூடம் திறந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு, தங்கை இரண்டாவது. பெங்களூர் ஜீவனஹள்ளியில் எங்கள் தெருமுனையில் எரிந்த ஆட்டோவின் கூடு அப்போதும் கிடந்தது. "வெளிய தமிழ் வாயில வரக் கூடாது" என்று சொல்லித்தான் அம்மா அனுப்பினாள். எங்களுக்குக் கன்னடம் நன்றாகவே வரும். படித்ததே அதில்தான்.

மத்தியானம் குழாயடியில் யாரோ தள்ளித் தங்கை விழுந்தாள். முழங்காலில் ரத்தம். "அக்கா, வலிக்குது" என்று கத்தினாள். அக்கா என்பது இரண்டு மொழிக்கும் பொது. வலிக்குது காட்டிக் கொடுத்துவிட்டது.

பெரிய வகுப்புப் பையன்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "கொங்கர் குட்டி" என்றான் ஒருவன். தமிழர்களை ஏசும் சொல் அது. இன்னொருவன் அவள் பின்னலைப் பிடித்துத் தூக்கி, "கன்னடதல்லி அளு" என்றான். கன்னடத்தில் அழு. அழுகையை எப்படி மாற்றுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னும் பலமாக அழுதாள். அவன் அவள் முகத்தைச் சிமெண்டுத் தொட்டியில் மோதினான். முன்பல் உடைந்தது.

என் கையில் எவர்சில்வர் டிபன் டப்பா. அதன் விளிம்பால் அவன் நெற்றியில் அடித்தேன். அவன் சுருண்டு உட்கார்ந்த பிறகும் அடித்தேன். இழுக்க வந்த டீச்சரின் கையைக் கடித்தேன்.

தலைமையாசிரியை என்னை மட்டும் பிரம்பால் விளாசினார். "இந்தத் திமிரை உங்க ஊர்ல போய்க் காட்டு" என்றார் கன்னடத்தில். எந்த ஊர் என்று கேட்டேன். நானும் அப்பாவும் பிறந்தது இதே பேட்டையில். கேட்டதற்கும் அடி விழுந்தது.

கார்மெண்ட்ஸ் வேலையைப் பாதியில் விட்டு ஓடிவந்த அம்மா, அந்தப் பையனின் தாயிடம் கையெடுத்துக் கும்பிட்டாள். வழியில், "நீ எதுக்கும்மா கும்புடற?" என்று தமிழில் ஆரம்பித்தேன். வாயோடு சேர்த்து அறைந்தாள். உதடு கிழிந்தது.

"பேசாதடி. கொன்னுடுவாங்க" என்றாள், தமிழில், காதோடு.

வேறு பள்ளியில் சேர்த்தார்கள். வீட்டில் பேசுவது தெலுங்கு என்று அங்கே சொல்லச் சொன்னார் அப்பா. சொன்னோம். தங்கை வீட்டிலும் தமிழை நிறுத்திவிட்டாள். அம்மா என்ன கேட்டாலும் கன்னடத்தில்தான் பதில். ஒருநாள் அம்மா கெஞ்சினாள்.

"கதவு சாத்தித்தானே இருக்கு. இங்க யாரு இருக்காங்க? பேசுடி கண்ணு."

தங்கை கதவைப் பார்த்தாள். "பேடம்மா" என்றாள். வேண்டாம் என்பதையும் அவள் கன்னடத்திலேயே சொன்னாள்.