தறி ஓடையில யாரு பேசுவா

என் ஜெராக்ஸ் கடை மாடியில்தான் சங்கரி வகுப்பு நடத்துகிறாள். பத்து வருடம் கல்யாண வீடியோ எடிட் செய்தவள். இப்போது பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஏஐ வைத்துக் குறும்படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கிறாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நடக்கிற நடையில் என் கடைக் கூரை அதிரும். கத்துகிற கத்தலில் தெருமுனை வரை பாடம் கேட்கும். அருப்புக்கோட்டையில் விசைத்தறி வீட்டில் வளர்ந்தவளுக்கு மெதுவாகப் பேச எங்கே வரும்?

அந்த மே மாதம் முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணம் வேணி. பிளஸ் டூ முடித்தவள், வகுப்பிலேயே கெட்டிக்காரி. சினிமா படிக்க மதுரையில் இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டும். அவளுடைய அப்பா திம்மையா விடுவதாக இல்லை. அவள் போய்விட்டால் நாலு தறியையும் ஒற்றை ஆளாக எப்படிப் பார்ப்பது? "அவ எடுத்த படத்தக் காட்டுங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் இறங்கி வந்திருந்தார்.

வேணியும் சங்கரியும் யோசித்தது, தறிக்கூடத்தில் ஒரு மகள் அப்பாவிடம் படிக்க அனுமதி கேட்கிற கதை. ஏஐ பக்கம் பக்கமாக வசனம் எழுதிப் படமும் போட்டுக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை திம்மையா வந்து பார்த்தார். படத்து அப்பா உருக உருகப் பேச, இவர் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, தறி ஓடையில யாரு பேசுவா? பேசுனாத்தான் கேக்குமா?"

சங்கரிக்கு முகம் செத்துப்போயிற்று. தறி இரைச்சலில், நெசவாளர்கள் வீட்டில் பேசுகிற கன்னடமும் கிடையாது, வெளியில் பேசுகிற தமிழும் கிடையாது. எல்லாம் கைச்சாடைதான். நூல் அறுந்தால் ஒன்று, டீ வந்தால் ஒன்று. சாப்பிடப் போகிறவருக்கு, 'நான் பாத்துக்கிறேன், நீ போ' என்று நெஞ்சில் தட்டி, தறியைக் காட்டி, வாசல் பக்கம் கையை வீசுவார்கள். அதிலேயே பிறந்து வளர்ந்த சங்கரி, வேணி இரண்டு பேருக்கும் இது மறந்துபோனதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"வியாழக்கிழம ஒருக்கா வாங்கண்ணே" என்று கெஞ்சினாள் சங்கரி.

கைச்சாடை காட்டச் சொன்னால் ஏஐ பரதநாட்டியம் ஆடிக் காட்டியது. சங்கரி மவுஸைத் தூக்கி எறிந்தாள்.

"ஏ வேணி, போன எடுத்துக்கிட்டுக் கூடத்துக்குப் போ. ஒங் கையவே எடு!"

வேணி எடுத்து வந்ததை ஏஐ வெட்டி ஒட்டித் தந்தது. இரைச்சலை நீக்கிவிடவா என்றும் கேட்டது.

"நீக்கிப் பாரு, ஒன்னய நீக்கிருவேன்!" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்தினாள் சங்கரி.

வியாழக்கிழமை காட்டிய படத்தில் முகமே இல்லை. காது கிழியும் தறிச் சத்தம், நடுவில் வேணியின் கைகள். நூல் அறுந்தது. டீ வந்தது. கடைசியில் ஒரு கை நெஞ்சைத் தொட்டு, வாசலைக் காட்டி, கேள்வியாக விரிந்து நின்றது. நான் போகட்டுமா?

சங்கரி ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். திம்மையா மெல்ல மகள் பக்கம் திரும்பினார். நெஞ்சில் தட்டினார். வீட்டுத் தறி இருக்கிற திசையைக் காட்டினார். வாசல் பக்கம் கையை வீசினார்.

வேணி அழுதுவிட்டாள். சங்கரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.