நீலக் கார்பெட்டில் ஓர் அங்கப்பிரதட்சணம்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் தரையில் உருண்டுகொண்டிருந்தேன்.

கோயிலில் இல்லை. வேண்டுதலும் இல்லை. வேலை பார்க்கிற இடத்தில்... துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு!

இந்தப் பத்தி எழுதாத நேரத்தில் நான் கோவில்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் டீச்சர் என்பது உங்களுக்குத் தெரியும். எட்டு கம்ப்யூட்டர், ஒரு ஏ.சி., சுவருக்குச் சுவர் நீலக் கார்பெட் — ஓரங்களில் மட்டும் பசை வைத்து ஒட்டியது. எங்கள் ஓனர் தங்கராஜ் அண்ணாச்சி மதுரையிலிருந்து ஆள் வரவழைத்து விரித்தது. கம்ப்யூட்டரில் தூசி விழுந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார். கார்பெட்டில் விழுந்தால்? அவ்வளவுதான்.

செவ்வாய் பதினோரு மணிக்குச் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் ஆபீசர் வருவதாக ஏற்பாடு. அவருக்குத் திருப்தி என்றால்தான் தை மாதம் முதல் எங்களுக்கு டிப்ளமோ வகுப்பு. பசுவந்தனையிலிருந்து பஸ்ஸில் வரும் முத்துமாரியைப் போல ஒரு டஜன் பெண்கள் அதற்காகக் காத்திருந்தார்கள்.

"கோவில்பட்டின்னா படி, திருநெல்வேலின்னா வேண்டாம்னு எங்க அய்யா சொல்லிட்டாவ அக்கா" என்று அவள் சொன்ன நாளிலிருந்து நானும் காலண்டரில் நாளை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

ஞாயிறன்று நல்ல ஐப்பசி மழை. திங்களன்று பிள்ளைகள் செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே வந்தார்கள். கரிசல் மண் செருப்போடு நின்றுவிடுமா என்ன? நீலக் கார்பெட் முழுக்கக் கறுப்புக் காலடிகள்!

வகுப்பு முடிந்ததும் நானும் என்னோடு வேலை பார்க்கும் ஜோதியும் களத்தில் இறங்கினோம். மெயினை அணைத்தோம். வயர்களைக் கழற்றி மேஜைமேல் ஏற்றினோம். சோப்புத்தூள் கரைத்த தண்ணீரை வாளி வாளியாக ஊற்றித் தேய் தேய் என்று தேய்த்தோம். அழுக்கு போயே போச்சு! பெருமையோடு பூட்டிவிட்டுக் கிளம்பினோம். மெயினை அணைத்தால் ஃபேனும் ஓடாது என்பது இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

காலையில் கதவைத் திறந்தால்... தரை முழுக்க அலை. வாசலிலிருந்து ஏ.சி. வரை வரிசையாகப் புடைத்துக்கொண்டு நிற்கிறது!

பின்னாலேயே வந்த அண்ணாச்சி ஒரு காலை உள்ளே வைத்தார். எடுத்துவிட்டார்.

"ஏம்மா... உள்ள பாம்பு கீம்பு புகுந்துட்டா?"

"நேத்து கழுவுனோம் அண்ணாச்சி..."

"கார்பெட்டையா? அது என்ன, மாட்டுத்தொழுவமா?" என்றவர், மேஜையிலிருந்த பிளேடைக் கையில் எடுத்துவிட்டார். "பொடச்ச எடத்தையெல்லாம் அறுத்து ஒட்டிருவோம்."

ஜோதிதான் ஓடிப்போய் மதுரைக்காரருக்கு எஸ்.டி.டி. போட்டாள். அவர் அங்கிருந்து அலறியது எனக்கே கேட்டது. "அறுத்துராதீங்கம்மா! ஈரத்துல ஊறி விரிஞ்சிருக்கு. காஞ்சா தானா படிஞ்சிரும். ரெண்டு நாளைக்கு ஃபேனைப் போட்டுவிட்டு யாரும் தொடாம இருங்க."

ரெண்டு நாளா? எங்களிடம் இருந்ததோ முப்பது நிமிஷம்!

ஓர் அலைமேல் ஏறி நின்று பார்த்தேன். அது படிந்தது... பக்கத்தில் இன்னொன்று எழுந்தது. ஜோதி அதன்மேல் உட்கார்ந்தாள். மூன்றாவதாக ஒன்று கிளம்பியது. பத்தரை மணி பேட்ச் பெண்கள் வந்தார்கள். சொல்லவே வேண்டாம்... புத்தகத்தைப் போட்டுவிட்டு, ஆளுக்கு ஓர் அலையைப் பிடித்துக்கொண்டு உருள ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஏட்டி, அங்கன ஒண்ணு போவுது, பிடி பிடி!"

"அண்ணாச்சி, உங்க காலுக்குக் கீழ வருது!"

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொப்பென்று அதன்மேல் விழுந்தார். எங்களுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். பயத்தில் வந்ததா, சிரிப்பில் வந்ததா, தெரியவில்லை.

யாரோ செருமும் சத்தம். நிமிர்ந்து பார்த்தால்... வாசலில் டை கட்டிய ஆபீசர். கால் மணி முன்னதாகவே வந்துவிட்டார்!

"இங்க என்ன நடக்குது?"

அண்ணாச்சி வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார். நான் இடுப்புத் துப்பட்டாவை அவிழ்த்தேன். முத்துமாரி மட்டும் படுத்த வாக்கிலேயே சொன்னாள்: "கார்பெட்டு நனைஞ்சு பொங்கிருச்சு சார். படிய வைக்குதோம்."

ஆபீசர் சிரிக்கவில்லை. "தண்ணி ஊத்தினப்ப கரென்ட்?"

"மெயினை அணைச்சு, வயரையெல்லாம் மேல ஏத்தின பெறகுதான் வாளியையே தொட்டோம் சார்" என்றாள் ஜோதி.

"நல்ல வேளை!" பெருமூச்சு விட்டார். ஷூவைக் கழற்றினார். உள்ளே வந்து ஓர் அலையை மிதித்தார். அது நழுவி அந்தப் பக்கம் எழுந்தது. விடுவாரா? துரத்திப் போய் மிதித்தார். அது இந்தப் பக்கம் வந்தது. "அட... அந்த மூலையில யாராவது நில்லுங்க!" என்றார். அப்புறம் அறையில் யார் ஆபீசர், யார் ஸ்டூடன்ட்?

மூச்சு வாங்கி முடித்த பிறகு இன்ஸ்பெக்ஷன் நடந்தது. முத்துமாரியைக் கூப்பிட்டுத் தாளிலேயே ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார். இருபது வரி. ஒரு தப்பு இல்லை. கிளம்பும்போது அண்ணாச்சியின் கையைக் குலுக்கி, "தை மாசமே ஆரம்பிச்சிருங்க" என்றார். பெண்கள் போட்ட கூச்சல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும்.

ஃபேனை ஓடவிட்டு இரண்டு நாள் பூட்டி வைத்தபின் வியாழக்கிழமை கதவைத் திறந்தோம். கார்பெட் பலகை மாதிரி படிந்து கிடக்கிறது! யாரும் தொடவில்லை, அமுக்கவில்லை. நாம்தான் எது புடைத்தாலும் உடனே ஏறி உட்கார்ந்துவிடுகிறோம் — வீட்டுச் சண்டையாக இருந்தாலும் சரி. கொஞ்சம் காய விட்டால்தான் என்ன?

இதை அழகாக முத்துமாரியிடம் எடுத்துச் சொன்னேன். அவள் தட்டையான தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஓர் ஏமாற்றம்.

"இனி எப்பக்கா கழுவுவீங்க?"