பிரதிவாதி வீட்டுக் குழாய்

என் வீட்டுக்காரர் பிளம்பர். வழக்குப் போட்டது அவர். போட வைத்தது நான். மாமனார் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பூர்வீக வீட்டைப் பாத்திரக்கடைக்காரருக்கு விற்று, கூட்டாளியோடு லாரி வாங்கி, லாரியையும் கூட்டாளியையும் தொலைத்துவிட்டுக் கண்ணை மூடினார். குடும்பத்துக்கு அவசியம் இல்லாமல் அப்பா பூர்வீகச் சொத்தை விற்றால், இந்து சட்டப்படி மகன் தன் பங்குக்காக எதிர்த்துக் கேட்கலாம் என்று சட்டக் கல்லூரியில் படித்திருந்தேன். பட்டம் வாங்கி நான் செய்த ஒரே உருப்படியான காரியம், இவரைக் கோர்ட்டுக்கு அனுப்பியதுதான்.

வழக்கு நடக்கும்போதே அந்த வீட்டில் குழாய் வெடித்தது. கடைக்காரர் சம்சாரம் எங்களுக்கே போன் செய்தார். இவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"எதிராளி வீட்டுக்கா போறீங்க?"

"சுவர் ஊறிப் போச்சுன்னா நாளைக்கு நமக்கு என்னடி கிடைக்கும், சேறா?"

"கூலியாவது வாங்கிட்டு வாங்க."

வாங்கவில்லை. கோபத்தில் நான் பேசாமல் இருந்தேன். அது அவருக்கு நிம்மதியாக இருந்தது என்பதைத் தாமதமாகத்தான் கவனித்தேன்.

குறுக்கு விசாரணையில் அவர்கள் வக்கீல் இதைப் பிடித்துக்கொண்டார். "கூப்பிட்டதும் போய் வேலை செஞ்சீங்களே, அப்போ அவர்தான் உரிமையாளர்னு ஒத்துக்கிட்டீங்கதானே?"

"கூலி வாங்கலையே சார். சொந்த வீட்டுக்கு எவன் கூலி வாங்குவான்?"

கடைக்காரரே சிரித்துவிட்டார். நான் மனப்பாடம் செய்ய வைத்த பதில்களில் ஒன்றைக்கூட இவர் சொல்லவில்லை.

லாரி குடும்பத் தேவை ஆகாது, பாதி வீடு மகனுக்கு என்று தீர்ப்பு வந்தது. கடைக்காரர் மேல்முறையீடு செய்தார். அது முடிவதற்குள் இவர் போய்விட்டார், யார் வீட்டிலோ தொட்டியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

வாரிசாக என்னை வழக்கில் சேர்த்தார்கள். கடைக்காரர் வீடு தேடி வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போதும்மா. உன் பங்குக்கு ஒரு விலை சொல்லு, முடிச்சுக்கலாம்."

நியாயமான பேச்சு. பாதி வீட்டை வைத்துக்கொண்டு நான் என்ன, பாதிச் சமையலா செய்யப்போகிறேன்?

"கேஸே நடக்கட்டும்ணே" என்றேன். ஏன் என்று கேட்டார். தெரிந்த சட்டத்தையெல்லாம் ஒப்பித்தேன். அவர் பயந்துபோய்க் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

காரணம் சட்டமில்லை. என்னைச் சேர்த்த பிறகும் கோர்ட்டில் டவாலி இவர் பேரைச் சொல்லித்தான் வழக்கைக் கூப்பிடுகிறார். வேறெங்கும் இப்போது யாரும் அந்தப் பேரைக் கூப்பிடுவதில்லை.

போன வாய்தாவில் கூப்பிட்டபோது, எழுந்து நிற்க வேண்டியவள், இவர் வருகிறாரா என்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

"யாரும்மா ஆஜர்?" என்று டவாலி மறுபடி கேட்டார்.