ஆண்கள் விடுதியில் பிறந்தவள்

ஆட்டுத்தலை சுட்டு விற்கும் நொபாந்து சனிக்கிழமை கடை போடாமல் இருந்ததே இல்லை. பஸ் நிறுத்தத்தில் அன்றைக்குத்தான் கூட்டம். ஆனால் அந்தச் சனிக்கிழமை அவள் அடுப்பை மூட்டவில்லை. சர்ச்சுக்கு உடுத்தும் பாவாடையைக் கட்டிக்கொண்டு, மகள் லிந்தெல்வாவையும் சின்னவன் ஸோலாவையும் கூட்டிக்கொண்டு பழைய தொழிலாளர் விடுதிக்குக் கிளம்பினாள். வெள்ளையர் ஆட்சியில் கறுப்பினத் தொழிலாளர்களைத் தங்கவைத்த அந்த விடுதி இப்போது அருங்காட்சியகம்.

இரண்டு நாள் முன்பு லிந்தெல்வாவின் வகுப்பு அங்கே போயிருந்தது. "நான் இந்த ரூம்லதான் பொறந்தேன்" என்று அவள் பெருமையாகச் சொல்ல, வழிகாட்டி சிரித்துக்கொண்டே, இது ஆண்கள் மட்டும் தங்கிய விடுதி என்று திருத்தினான். அதோடு பள்ளியில் அவளுக்குப் புளுகுணி என்று பேராகிவிட்டது. அது நொபாந்துவுக்குப் பெரிதில்லை. வீட்டுக்கு வந்து மகள் கேட்டதுதான் சுட்டது: "நெசமாவே அங்கதான் பொறந்தேனா, இல்ல சும்மா சொன்னியாம்மா?"

அறை வாசலில் குறுக்கே ஒரு கயிறு, பக்கத்தில் 'ஆறு ஆண்கள் தங்கிய அறை' என்று ஒரு பலகை. உள்ளே ஆறு கட்டில்கள், துவைத்த போர்வைகளோடு. வழிகாட்டி லுவூயோ கழுத்துப்பட்டை கட்டிய இளைஞன்.

"கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு பாருங்கம்மா."

"எம்பொண்ணப் பொய்க்காரி ஆக்குனது நீதானா தம்பி?"

அவன் லிந்தெல்வாவைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். "பொம்பளைங்க இங்க தங்கக் கூடாதுன்னு அப்ப சட்டம்மா. அதத்தான் சொன்னேன்."

"சட்டம் இருந்துச்சு. நானும் இருந்தேன்."

லிந்தெல்வா தாயின் கையை இழுத்தாள். "வாம்மா போலாம். எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். அதுக்குத்தான காசு குடுத்து வந்திருக்காங்க."

கயிற்றைத் தூக்கிவிட்டு நொபாந்து உள்ளே போனாள். ஜன்னலோரக் கட்டிலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தாள். ஸோலா ஒரே தாவில் பக்கத்தில் ஏறிக்கொண்டான்.

பழ டப்பா ஆலையில் வேலை பார்த்த கணவன் வுயிசிலேவுக்கு இந்த ஊரில் சொந்தமாயிருந்தது இந்தக் கட்டில் ஒன்றுதான். சொந்த ஊரான டிரான்ஸ்கையிலிருந்து, கறுப்பர்கள் நகரத்துக்குள் வர வேண்டியிருந்த அனுமதிச் சீட்டில்லாமல் நொபாந்து வந்து, சுற்றிலும் துணி கட்டி, அதற்குள் குடும்பம் நடத்தினாள். போலீஸ் நாயோடு வந்தால் கட்டிலுக்கடியில் தகரப்பெட்டிக்குப் பின்னால் சுருண்டுகொள்வாள். பிடித்து ஊருக்குப் பஸ் ஏற்றினார்கள். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்தாள். மறுபடி பிடித்தார்கள். மறுபடி வந்தாள்.

"எறங்குங்கம்மா. மேனேஜருக்குப் போன் போட வேண்டியிருக்கும்."

"போடு. நாயக் கூட்டிட்டு வந்தவங்களாலயே என்னய இங்கருந்து கெளப்ப முடியல. உங்க மேனேஜர் எதக் கூட்டிட்டு வருவாரு?"

வாசலில் நின்ற யாரோ சிரிப்பை அடக்கினார்கள். லிந்தெல்வா மட்டும் சிரிக்கவில்லை.

"நான் பொறந்தப்ப அழலையா? வாட்ச்மேனுக்குக் கேட்டிருக்குமே?"

"அழுதியா? ஊரக் கூட்டுன. உனக்கு முன்னாடி நான் கத்துனது வேற. என்ன மாதிரி இதே ரூம்ல ஒளிஞ்சிருந்த ரெண்டு பொம்பளைங்கதான் பிரசவம் பாத்தாங்க. வெளிய அடிச்சு ஊத்துது மழ. இந்த ரூம் ஆம்பளைங்க அத்தன பேரும் அதுல நனஞ்சுக்கிட்டு ஜெபப் பாட்டுப் பாடுனாங்க, நம்ம சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு. உங்கப்பனுக்கு ராகமே வராது. அன்னிக்கு அவருதான் எல்லாரயும் விடச் சத்தம். வாட்ச்மேன் தொப்பியக் கழட்டிட்டு மரியாதையா நின்னானாம்."

 லிந்தெல்வா பள்ளிக் காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு, கயிற்றைத் தாண்டிப் போய்த் தாயின் காலடியில் உட்கார்ந்தாள்.

"பலகைய மாத்தறது என் கையில இல்லம்மா," என்றான் லுவூயோ தாழ்ந்த குரலில். "கமிட்டி உக்காரணும்."

"உக்காரட்டும். அதுவரைக்கும் உனக்கு வாய் இருக்கில்ல?"

அதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிட்டது. லுவூயோ கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு வழக்கம்போல ஆரம்பித்தான். "இந்த அறையில ஆறு ஆண்கள் தங்கியிருந்தாங்க..."

"மூணு பெண்களும்," என்றாள் லிந்தெல்வா, கட்டிலில் இருந்தபடியே. குரல் வாசல்வரை கேட்டது.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் கட்டிலைப் பார்த்தான்.

"மூணு பெண்களும் இருந்தாங்க," என்றான். "ஒளிஞ்சு."

"இங்க பொறந்த புள்ளயச் சொல்லாம விட்டுட்ட தம்பி," என்றாள் நொபாந்து, எழுந்திருக்காமலே.